பச்சைத் தண்ணி

ஃபர்ஸ்ட் இயர்ல முதல் வாரம், எல்லாரும் வட்டமா உட்கார்ந்து அறிமுகம் பண்ணிக்கிட்டப்போ, "உங்க அப்பா என்ன பண்றார்?"னு ஒரு கேள்வி சுத்தி வந்தது. என் முறை வந்ததும், "வாட்டர் ட்ரீட்மெண்ட்"னு சொன்னேன். பொய் கிடையாது. ஆனா அந்த வார்த்தையை நான் தேடி எடுத்ததுல ஒரு கள்ளத்தனம் இருந்தது. கேட்டவங்க மனசுல ஒரு ஏசி ரூம், கழுத்துல ஐடி கார்டு எல்லாம் வந்திருக்கும். என் அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல முன்னாடி ரெண்டு கேன், பக்கவாட்டுல நீளமான அலுமினியக் கம்பு கட்டிக்கிட்டு, திருமுல்லைவாயல்ல இருந்து கிளம்பி ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, திருவேற்காடு, அயனம்பாக்கம்னு சுத்தி வந்து, அபார்ட்மெண்ட் நீச்சல் குளங்களைச் சுத்தம் பண்றவர்.

இப்போ ஃபைனல் இயர். அந்தப் பதிலைத் திருத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு முழுப் பக்கம் எழுதியே பல வருஷம் ஆச்சு. ர-வுக்கும் ற-வுக்கும் நடுவுல எனக்கு இன்னும் ஒரு பஞ்சாயத்து இருக்கு. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

அப்பா முதல்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன பம்பு யூனிட்ல ஃபிட்டர். 1964-ல ஆரம்பிச்ச எஸ்டேட் அது. எங்க தெருவுல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் அங்க லேத்து முன்னாடி நின்னிருப்பாங்க. அப்பா வேலை பார்த்த யூனிட்டை மூடினதும் வீட்டு மோட்டார் ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சார். ஒரு நாள் அபார்ட்மெண்ட்ல நீச்சல் குளத்து மோட்டார் ஓடலைன்னு கூப்பிட்டாங்க. மோட்டாரைப் பார்க்கப் போனவர், கொஞ்ச நாள்ல குளத்தையே பார்த்துக்க ஆரம்பிச்சுட்டார்.

லீவு நாள்ல நானும் கூடப் போவேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: "குளத்துல தண்ணி நிக்கிற மாதிரிதான் தெரியும். நிக்கவே கூடாது." மேல் ஓரமா வழியுற தண்ணியும் அடியில இருக்குற ஓட்டை வழியா போற தண்ணியும் பம்பு ரூமுக்கு வரும். முதல்ல ஒரு கூடை, அதுல முடியும் இலையும் சிக்கும். அப்புறம் மோட்டார். அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபைபர் பீப்பாய். அதுக்குள்ள இருக்குறது வேற ஒண்ணும் இல்லை, மணல். சலிச்சு எடுத்த சிலிக்கா மணல். அழுக்கை மணல்ல விட்டுட்டு, தண்ணி திரும்பக் குளத்துக்குப் போகும்.

சிவில்ல வாட்டர் சப்ளை பேப்பர்ல மணல் ஃபில்டர் வந்தப்போ எனக்கு அது புதுசா இல்லை. 1914-ல கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் ஆரம்பிச்சப்போ மெட்ராஸுக்குத் தண்ணியை வடிகட்டிக் கொடுத்ததும் மணல்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மணலுக்கு வேலை போகலை.

பீப்பாய் மேல ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். சுத்தமான மணல்ல முள் எங்க நிக்குதுன்னு அப்பா பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருப்பார். அழுக்கு சேரச் சேர தண்ணி உள்ளே போகக் கஷ்டப்படும், முள் ஏறும். கோட்டுல இருந்து அரை பார் மேல போச்சுன்னா பேக்வாஷ். அதாவது தண்ணியைத் தலைகீழா, கீழ இருந்து மேல விடுறது. மணல் கிளம்பி உருண்டு, பிடிச்சு வெச்ச அழுக்கையெல்லாம் கக்கும். அது வெளிய போற குழாய்ல ஒரு கண்ணாடித் துண்டு வெச்சிருப்பாங்க. அதுல டிக்காஷன் நிறத்துல தண்ணி ஓடி, கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கும்போது பார்க்க ஒரு திருப்தி இருக்கும். வால்வு கைப்பிடியைத் திருப்புறதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்தியே ஆகணும். இல்லைன்னா உள்ளே இருக்குற ரப்பர் கிழிஞ்சிரும். ஒரு தடவை நான் மறந்துட்டேன். அப்பா திட்டலை. புது ரப்பர் வாங்கிட்டு வந்து, என்னையே மாட்டச் சொன்னார்.

தினமும் பேக்வாஷ் பண்ணா இன்னும் சுத்தமா இருக்கும்தானேன்னு கேட்டேன். "இப்பதான் கழுவின மணலை விட ரெண்டு நாள் ஓடின மணல்தான் நல்லாப் பிடிக்கும். கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் அழுக்கு ஒட்டும்"னார். அப்போ சிரிச்சேன். பின்னாடி கிளாஸ்ல பார்த்தா அது உண்மை. முன்னாடி படிஞ்ச அழுக்கு மணல் இடுக்கைச் சின்னதாக்கும். அதனால இன்னும் பொடி அழுக்கும் மாட்டும்.

எங்க வீட்டு பாத்ரூம்ல ரெண்டு மக் தனியா இருக்கும், ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். சிவப்பு ஆசிட்டுக்கு, நீலம் க்ளோரினுக்கு. யாரும் மாத்தித் தொடக் கூடாது. நான் ஏழாவது படிக்கும்போது, கூட வேலை செஞ்ச ஒரு அண்ணன் ஆசிட் ஊத்தின மக்கைக் கழுவாம அதுலேயே ஹைப்போ எடுத்துட்டார். பம்பு ரூம்ல ஜன்னல் கிடையாது. அப்பாதான் அவரை இழுத்து வெளிய போட்டார். ரெண்டு பேரும் ஒரு வாரம் இருமினாங்க. ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தா வர்றது க்ளோரின் வாயுன்னு நான் ப்ளஸ் ஒன்ல படிச்சேன். அப்பா அதை நெஞ்சால படிச்சவர்.

தண்ணி கம்மியானாலும் அதிகமானாலும் முதல்ல அடி வாங்குறது இந்தத் தொழில்தான். 2019 கோடை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வில்லிவாக்கம் வந்து இறங்கினது. அந்த வருஷம் அப்பா பார்த்துக்கிட்ட குளங்களை எல்லாம் மூடிட்டாங்க. மூடினது சரிதான். குடிக்கவே லாரிக்கு நிக்கும்போது நீச்சல் குளத்துக்கு யாரு நிரப்புவா? ஆனா எங்க வீட்ல அந்த நாலு மாசம் எப்படிப் போச்சுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும்.

அதுக்கு நேர் எதிர், 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். மூணு, நாலு தேதிகள்ல கொட்டின மழையில அம்பத்தூர், ஆவடி சுத்துவட்டாரத்துல எத்தனையோ தெரு தண்ணிக்குள்ள. அப்பாவோட பெரிய குளம் ஒரு ஏரிப் பக்கத்து அபார்ட்மெண்ட்ல இருக்கு. பம்பு ரூம் முழுகி, சாக்கடை கலந்த வெள்ளம் குளத்துக்குள்ள வந்துடுச்சு. உடனே முழுசா இறைச்சுடுங்கன்னு அசோசியேஷன்ல சொன்னாங்க. அப்பா மாட்டேன்னுட்டார். "இப்ப பூமியெல்லாம் தண்ணி. குளத்தைக் காலி பண்ணா மிதந்துடும் ஸார்." கான்கிரீட் குளம் மிதக்குமான்னு ஒருத்தர் சிரிச்சார். நிலத்தடி நீர் மேல இருக்கும்போது காலித் தொட்டியைக் கீழ இருந்து தள்ளுற அந்த விசைக்கு எங்க புக்ல ஒரு பேர் இருக்கு, ஒரு ஃபார்முலாவும் இருக்கு. அப்பாகிட்ட அனுபவம் மட்டும்தான். ஜனவரி வரைக்கும் காத்திருந்து, கழுவி, புதுத் தண்ணி நிரப்பினாங்க. இந்த ஜனவரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதை அங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம ஊர் வெயில்ல குளத்துக்கு ஒரு பெரிய பிரச்சனை இருக்கு. தண்ணியில போடுற க்ளோரினை வெயில் தின்னுடும். காலையில போட்ட சாதா க்ளோரின், திறந்த வெயில்ல ரெண்டு மணி நேரத்துல பெரும்பகுதி காலி. அதுக்காகத்தான் மாத்திரை க்ளோரின் வந்தது. மிதக்குற டப்பாவுல போட்டா மெதுவாக் கரையும். அந்த மாத்திரைக்குள்ளேயே சயனூரிக் ஆசிட்னு ஒரு பொருளும் இருக்கு. அது க்ளோரினுக்குக் குடை மாதிரி. வெயில் படாம பிடிச்சு வெச்சுக்கும், தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமா விடும்.

2022-ல இருந்து அந்த அபார்ட்மெண்ட்ல மாத்திரைக்கு மாறிட்டாங்க. மாத்திரைன்னா அப்பா தினமும் வர வேண்டாம், வாரத்துக்கு மூணு நாள் போதும். சம்பளமும் அந்த அளவுக்குக் குறைக்கலாம். அப்பாவுக்கு அது பிடிக்கலை. ஆனா முடிவு பண்றது அவர் இல்லை.

2025 மே. என் ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவு. தண்ணியில கை வெச்சா வெதுவெதுன்னு இருக்குற வெயில். ஒரு வெள்ளிக்கிழமை காலையில குளத்தோட மூலையில லேசாப் பச்சை. ஞாயித்துக்கிழமைக்குள்ள முழுக் குளமும் பாசி பிடிச்ச கோயில் தெப்பக்குளம் மாதிரி ஆயிடுச்சு.

விசித்திரம் என்னன்னா, டெஸ்ட் பண்ணா க்ளோரின் இருக்கு. சொட்டு மருந்து விட்டா நல்ல மஞ்சள் வருது. அட்டையில பார்த்தா 3 பிபிஎம். 1-ல இருந்து 3 வரைக்கும் இருக்கணும்னு சொல்வாங்க, அதுல மேல் எல்லையிலேயே இருக்கு. ஆனாலும் பாசி வளருது. அப்பா மூணு மாத்திரை, நாலு மாத்திரைன்னு கூட்டிப் பார்த்தார். ராத்திரி பகலா மோட்டார் ஓட்டினார். படிகாரம் போட்டுப் பாசியை அடியில இறக்கி உறிஞ்சி எடுத்தார். ரெண்டு நாள்ல திரும்பவும் பச்சை. "மருந்து கேக்கல"ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார், நோயாளியைப் பத்திப் பேசுற மாதிரி.

குடியிருக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல வேற மாதிரிப் போச்சு. ஒரு பையனுக்குக் காதுவலி. இன்னொரு குழந்தைக்கு உடம்புல அரிப்பு. யாரோ கேரளா செய்தியை எடுத்துப் போட்டாங்க. 2024-ல அங்க அமீபா மூளைக் காய்ச்சல்ல குழந்தைங்க இறந்திருக்காங்க. வெதுவெதுப்பான நல்ல தண்ணியில வாழுற அமீபா, மூக்கு வழியா ஏறி மூளைக்குப் போயிடும். நீச்சல் குளங்கள்ல க்ளோரின் சரியா இருக்கணும்னு அந்த அரசே சொன்னது. பயப்படறதுல தப்பே இல்லை, எனக்கும் பயம் வந்தது. குளத்தை மூடினாங்க. அடுத்த மெசேஜ்: "பூல் ஆளை மாத்துங்க." அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் பச்சைத் தண்ணி கூட இறங்கலை. அது அவரோட பெரிய குளம். எங்க வீட்டு வருமானத்துல கிட்டத்தட்ட பாதி.

நான் புக்ல இருக்குற வழியில ஆரம்பிச்சேன். முதல் சந்தேகம் பி.எச். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு, காரம் ரெண்டும் ஜாஸ்தி. பி.எச். 8-க்குப் போச்சுன்னா க்ளோரின்ல கால்வாசி கூட வேலைக்கு வராது, மீதி சோம்பேறியா நிக்கும். அளந்தேன்: 7.4. குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஃபில்டர் மணலைத் திறந்து பார்த்தோம். சுண்ணாம்பு ஏறிக் கட்டி தட்டியிருக்கும்னு நினைச்சேன், கட்டி இல்லை. பிரஷர் முள் பெயிண்ட் கோட்டுலேயே நின்னது.

வேற வழி தெரியாம அப்பாவோட நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. வண்டி சீட்டுக்கு அடியில ப்ளாஸ்டிக் கவர்ல இருக்கும். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட கட்டங்கள்: தேதி, மஞ்சள் எவ்வளவு, பிரஷர், எத்தனை மாத்திரை, வெயிலா மழையா, கடைசியில குறிப்பு. பல வருஷமா அவர் எழுதுறதைப் பார்த்திருக்கேன். ஒரு தடவை கூடப் படிச்சதில்லை.

அன்னிக்குப் படிச்சேன். 2024 ஜனவரி, புதுத் தண்ணி நிரப்பின வாரம்: "1 மாத்திரை. கண்ணாடி மாதிரி." ஏப்ரல்: "1 போதல. ஒண்ணரை." ஆகஸ்ட்: "2. தண்ணி மந்தம்." நவம்பர்ல பெரிய மழைக்கு அடுத்த நாள்: "குளம் வழிஞ்சது. இப்ப மருந்து கேக்குது." டிசம்பர்: "1 போதும்." 2025 மார்ச்: "3. மந்தம். தண்ணி மாத்தணும்னு சொன்னேன். வேண்டாம்னாங்க." மே: "4. கேக்கல."

உடம்பு சிலிர்த்தது. தண்ணி பழசாகப் பழசாக க்ளோரினுக்குப் பலம் குறையுது. மழை வந்து தண்ணி வழிஞ்சு மாறினா பலம் திரும்ப வருது. அப்போ தண்ணிக்குள்ள ஏதோ ஒண்ணு சேர்ந்துக்கிட்டே இருக்கு. வெயில் தண்ணியைத் தூக்கிட்டுப் போகும், க்ளோரினையும் தூக்கிட்டுப் போகும். எதைத் தூக்கிட்டுப் போகாது?

குடையை.

கணக்கு போட்டேன். குளத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் தண்ணி. மாத்திரை ஒண்ணு 200 கிராம். அது கரைஞ்சா க்ளோரின் கிட்டத்தட்ட 1.5 பிபிஎம் ஏறும், கூடவே சயனூரிக் ஆசிட் 0.9 பிபிஎம். க்ளோரின் அன்னிக்கே செலவாயிடும். சயனூரிக் ஆசிட் ஆவியாகாது, மணல்லயும் நிக்காது. ஆவியான தண்ணிக்குப் பதிலா போர் தண்ணி விட விட, அது அப்படியே உள்ளேயே கிடக்கும், உப்பளத்துல உப்பு தங்குற மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைன்னு வெச்சாலே 16 மாசத்துல 400-ஐத் தாண்டணும். பேக்வாஷ்ல போனது, மழையில வழிஞ்சது கழிஞ்சுதான் மீதி. இருக்க வேண்டியது 30-ல இருந்து 50 வரைக்கும்.

எங்க லேப்ல அந்த டெஸ்ட் இல்லை. ஆன்லைன்ல கிட் வாங்கினேன். தண்ணியில ஒரு மருந்தைக் கலந்தா பால் மாதிரி ஆகும். அடியில கறுப்புப் புள்ளி வெச்ச குழாய்ல ஊத்திக்கிட்டே வரணும். புள்ளி எந்த உயரத்துல மறையுதோ அதுதான் அளவு. குழாய்ல 100 வரைக்கும்தான் கோடு. ஊத்தின உடனே புள்ளி காணாம போச்சு. பாதிக்குப் பாதி கேன் தண்ணி கலந்து திரும்பப் பார்த்தேன். 90. அப்படின்னா நிஜத்துல 180.

குடை இவ்வளவு ஆனா க்ளோரின் வெளியவே வராது. 180 இருக்குற தண்ணியில பாசியை அடக்க 3 பிபிஎம் க்ளோரின் எதுக்கும் பத்தாது. பத்துக்கு மேல வேணும். சொட்டு மருந்து அட்டை பொய் சொல்லலை. க்ளோரின் இருக்குன்னு சொன்னது. வேலை செய்யுதான்னு அதைக் கேட்டா அதுக்குத் தெரியாது. பலம் கம்மின்னு மாத்திரையைக் கூட்டக் கூட்ட, குடையும்தான் கூடினது.

மருந்து ஒண்ணுதான்: தண்ணியில மூணுல ரெண்டு பங்கை இறைச்சுட்டுப் புதுசா விடணும். 180 அறுபதாகும். அதாவது 80,000 லிட்டர், மே மாசத்துல, 12,000 லிட்டர் லாரியில ஏழு லோடு. 2019-ல ரயில் தண்ணி பார்த்த ஊர்ல வளர்ந்தவளுக்கு அதை எழுதும்போது கை கூசத்தான் செஞ்சது. இறைக்கிற தண்ணியைத் தரையும் கார் பார்க்கிங்கும் கழுவ, பொதுக் கழிப்பறைக்கு ஊத்தன்னு தொட்டியில பிடிச்சு வெச்சுப் பயன்படுத்தலாம்னு ஒரு திட்டமும் சேர்த்து எழுதினேன்.

ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ்ல அசோசியேஷன் மீட்டிங். அப்பா சுவர் ஓரமா நின்னார். நாற்காலி காலியாத்தான் இருந்தது. செகரட்டரி அங்கிள் ஆரம்பிக்கும்போதே, "தண்ணி மாத்தணும், தண்ணி மாத்தணும்னு இவர் ஒரு வருஷமா சொல்றார். லாரிக்காரங்ககிட்ட ஏதாவது இருக்கும்"னார். சிலர் சிரிச்சாங்க. நான் லேப்டாப்பைத் திறந்தேன். நோட்டுல இருந்த 16 மாசத்தை எக்ஸெல்ல ஏத்தி ஒரு கிராஃப் போட்டு வெச்சிருந்தேன். அஞ்சு நிமிஷம் பேசினேன். முழுசா இங்கிலீஷ்ல.

யாரும் குறுக்க பேசலை. அப்பா ஒரு வருஷமா தமிழ்ல சொன்ன அதே விஷயம், அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. ஒருத்தர் மட்டும், "டேட்டா நம்பகமானதா?"ன்னு கேட்டார். "யெஸ் அங்கிள், இட் வாஸ் ரெக்கார்டட் ரெகுலர்லி"ன்னேன். ஸ்கூல்ல பாசிவ் வாய்ஸ் சொல்லிக் கொடுத்தப்போ, அது இதுக்கெல்லாம் உதவும்னு எனக்குத் தெரியாது. எழுதினவர் பேர் அந்த வாக்கியத்துல இல்லை. பத்தடி தூரத்துல அவர் நின்னுக்கிட்டிருந்தார். நான் அந்தப் பக்கம் கையைக் கூடக் காட்டலை. கைதட்டினாங்க. "வெரி குட் மா, எந்த காலேஜ்?"னு கேட்டாங்க. பெருமையாச் சொன்னேன்.

வேணும்னு பண்ணலை. ஆனா வேணாம்னும் நினைக்கலை. அந்த அஞ்சு நிமிஷம் நான் சிவில் இன்ஜினியரிங் ஸ்டூடண்டா இருந்தேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னாடி உட்கார்ந்து வந்த பொண்ணா இருக்க எனக்குத் தோணலை. ஃபர்ஸ்ட் இயர்ல "வாட்டர் ட்ரீட்மெண்ட்"னு சொன்ன அதே ஆள்தான் அங்க நின்னது.

வர்ற வழியில பருத்திப்பட்டு ஏரி ஓரமா டீக்கடையில அப்பா வண்டியை நிறுத்தினார். ஏதாவது சொல்வார்னு காத்திருந்தேன். டீ குடிச்சு முடிச்சுட்டு கையை நீட்டினார். "நோட்டைக் குடு பாப்பா. இன்னிக்கு இன்னும் எழுதல."

பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். வண்டி சீட்டு மேல வெச்சு, தேதி போட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "தண்ணி மாத்த ஒத்துக்கிட்டாங்க." அவ்வளவுதான். அவரும் யாரால ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதலை.

தண்ணியை மாத்தினோம். நாலு லோடு லாரியில, மீதியில பாதி போர்ல. கடைசிப் பங்கை ஜூன், ஜூலை சாயங்கால மழைக்கு விட்டோம். 100 சதுர மீட்டர் குளத்துல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஆயிரம் லிட்டர், அதுவும் உப்பில்லாத தண்ணி. மாத்திரையை நிறுத்தியாச்சு. இப்போ ஹைப்போ, பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம்தான். ராத்திரி முழுக்க வெயில் தொந்தரவு இல்லாம அது வேலை செய்யும். ஹைப்போவும் சூட்டுல வெச்சா பலம் இழந்துடும். அதனால சின்ன கேனா வாங்கி நிழல்ல வைக்கிறோம். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்னு முடிவு. ஏற்கெனவே சுண்ணாம்பு ஜாஸ்தி இருக்குற போர் தண்ணியில அது இன்னும் சுண்ணாம்பைச் சேர்க்கும். குடையும் கொஞ்சம் வேணும், அதை மாசம் ஒரு தடவை அளக்கிறோம். இப்ப 50-ல நிக்குது. தினமும் வர்ற வேலை ஆனதால அப்பாவுக்குச் சம்பளத்தைக் கூட்டணும்னு கேட்டோம். பாதி கூட்டினாங்க.

உங்க அபார்ட்மெண்ட்லயும் குளம் இருக்கலாம். நாலு விஷயம் சொல்லிட்டுப் போறேன். தண்ணி தெளிவா இருக்குறதும் சுத்தமா இருக்குறதும் ஒண்ணு இல்லை; க்ளோரினையும் பி.எச்.சையும் தினமும் பாருங்க, சயனூரிக் ஆசிட்டை மாசம் ஒரு தடவை. "க்ளோரின் நாத்தம்"னு மூக்கைப் பிடிக்கிறோமே, அது பெரும்பாலும் வேர்வையும் மூத்திரமும் க்ளோரினோட சேர்ந்து வர்ற நாத்தம். இறங்குறதுக்கு முன்னாடி குளிச்சுட்டுப் போங்க. மாத்திரை க்ளோரினையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவுல போடாதீங்க, தீப்பிடிக்கும். கடைசியா, உங்க குளத்தைப் பார்த்துக்கிறவர் ஏதாவது சொன்னா, எந்த மொழியில சொன்னாலும், ஒரு தடவை கேளுங்க.

இந்தக் கட்டுரை வெளிவந்ததும் லிங்க்கை அந்த வாட்ஸ்அப் குரூப்ல போடப் போறேன். அன்னிக்கு விட்டுப்போன வாக்கியம் இதுதான்: அந்த 16 மாச டேட்டாவை எழுதினது என் அப்பா.

அனுப்புறதுக்கு முன்னாடி அவருக்கு முழுசும் படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். மீட்டிங் பத்தின இடத்துல முகத்துல ஒண்ணும் தெரியலை. முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுச் சொன்னார்:

"பேக்வாஷ் பத்தி எழுதினியே, ரின்ஸை விட்டுட்ட. பேக்வாஷ் முடிஞ்சதும் அரை நிமிஷம் ரின்ஸ் விடணும். இல்லன்னா மிச்ச அழுக்கு திரும்பக் குளத்துக்குத்தான் போகும். அதை எழுது."

எழுதிட்டேன்ப்பா.